புதியவரா, விஷமியா? தமிழ் விக்கிப்பீடியாவில் சுற்றுக்காவல் தொடங்குபவர்களுக்கு

தமிழ் விக்கிப்பீடியாவில் கொஞ்ச காலம் கட்டுரைகள் எழுதிவிட்டு, இப்போது 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தைத் திறந்து மற்றவர்களின் தொகுப்புகளை, அதாவது அவர்கள் செய்யும் மாற்றங்களைக் கவனிக்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தப் பக்கத்தில் தினமும் இப்படி ஒரு வரி கண்ணில் படும்: பயனர் பக்கம் கூட இல்லாத, சிவப்பு நிறத்தில் பெயர் தெரியும் ஒருவர், ஒரு நடிகரைப் பற்றிய கட்டுரையிலிருந்து இரண்டு பத்திகளை நீக்கியிருப்பார். ஏன் மாற்றினார் என்று சொல்ல வேண்டிய தொகுப்புச் சுருக்கம் காலியாக இருக்கும். கெடுக்க வந்தவரா, கைப்பேசியில் தவறி அழுத்திவிட்டவரா, அந்தப் பத்திகளில் உண்மையிலேயே அவதூறு இருந்ததால் நீக்கியவரா? மூவரும் விட்டுச்செல்லும் தடயம் ஒன்றுதான்.

அதனால், ஒரே ஒரு தொகுப்பை வைத்து ஆளை முடிவு செய்யக் கூடாது என்பதை இந்த வேலையின் முதல் விதியாகக் கொள்ளுங்கள். கட்டுரையை உடனே சரிசெய்யலாம். ஆளைப் பற்றிய முடிவைத் தள்ளிப்போடலாம். நாம் ஒன்றைச் சொன்ன பிறகு அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் புதியவரும் விஷமியும் பிரிகிறார்கள்.

இதை வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. கட்டுரைக்கு நேரும் சேதம் பெரும்பாலும் மீட்கக்கூடியது. வரலாற்றுப் பக்கத்தில் பழைய பதிப்புகள் அனைத்தும் இருக்கின்றன. சில நொடிகளில் திருப்பிவிடலாம். முதல் நாளிலேயே 'விஷமி' என்று முத்திரை குத்தப்பட்டு வெளியேறியவரை அப்படித் திருப்ப முடியாது. ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து தொகுப்பவர்களின் எண்ணிக்கை 2007 இல் உச்சத்தைத் தொட்டுப் பிறகு சரிந்தது. ஆரன் ஹாஃபேக்கரும் உடன் ஆய்வாளர்களும் 2013 இல் வெளியிட்ட ஆய்வு இதன் காரணத்தை ஆராய்ந்தது. நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களின் விகிதம் பெரிதாகக் குறையவில்லை. அவர்களுடைய தொகுப்புகள் நிராகரிக்கப்படுவது கூடியிருந்தது, தங்கியவர்கள் குறைந்திருந்தார்கள். விஷமத்தைத் தடுப்பதற்காக உருவான வேகமான கருவிகளும் இறுகிப்போன விதிகளும் நல்லவர்களையும் சேர்த்து வெளியே தள்ளின. ஆங்கிலத்துக்கே அந்த இழப்பு பெரிதென்றால், விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள் தோள்கொடுத்து நடத்தும் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு ஒவ்வொரு புதியவரும் எவ்வளவு முக்கியம் என்று யோசித்துப் பாருங்கள்.

முதலில் எது அவசரம் என்று பாருங்கள்

பொறுமை வேண்டும் என்று சொன்னேன். அதற்கு ஒரு விலக்கு உண்டு: உயிரோடு இருப்பவர்களைப் பற்றிய கட்டுரைகள். ஒருவர் இறந்துவிட்டார், கைதானார், இன்னாரோடு தொடர்பு என்று சான்றில்லாமல் யாராவது சேர்த்தால் எண்ணம் எதுவாயினும் உடனே நீக்கிவிடுங்கள். 2005 இல் ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்க இதழாளரைப் பற்றி, கென்னடி சகோதரர்களின் கொலைகளில் அவருக்குத் தொடர்பிருப்பதாகச் சந்தேகிக்கப்பட்டது என்று யாரோ ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதினார். அந்தப் பொய் நான்கு மாதங்களுக்கு மேல் அப்படியே இருந்தது. எழுதியவர் பின்னர், உடன் வேலை செய்தவரை ஏமாற்றச் செய்த விளையாட்டு என்றார். விளையாட்டோ பகையோ, கட்டுரைக்கு உரியவர் பட்ட வேதனை ஒன்றுதான். அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து கணக்கில்லாதவர்கள் ஆங்கில விக்கிப்பீடியாவில் புதுக் கட்டுரை தொடங்குவது நிறுத்தப்பட்டது.

தமிழில் இதன் வழக்கமான வடிவம், நடிகரோ தலைவரோ இறந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் பரவும் புரளி. அதைச் சேர்ப்பவர்களில் பலர் புரளியை நம்பி, நாட்டுக்கு முதலில் சொல்லும் ஆர்வத்தில் வருகிறவர்கள். நீக்குங்கள், ஆனால் 'பொய்யைப் பரப்பாதீர்கள்' என்று எழுதாதீர்கள். 'நம்பகமான செய்தி ஊடகத்தில் உறுதியானதும் சேர்ப்போம்' என்று எழுதினால் போதும்.

கட்டுரைக்குச் சேதமா என்பதும் செய்தவரின் எண்ணம் என்ன என்பதும் வேறு வேறு கேள்விகள். விக்கிமீடியா அறக்கட்டளை 2015 இல் அறிமுகப்படுத்திய ஓரெஸ் என்ற எந்திரக் கற்றல் சேவைகூட இவ்விரண்டையும் தனித்தனியாகவே மதிப்பிட்டது. சேதம் உண்டு, ஆனால் நல்லெண்ணம் என்ற கூட்டுவிடைக்கும் அதில் இடம் இருந்தது. உங்கள் மனத்திலும் அந்த இரண்டு கேள்விகளைக் கலக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

விஷமம் போலத் தோன்றும் நல்ல தொகுப்புகளை அடையாளம் காணுங்கள்

புதிய காவலர்கள் அதிகம் தடுமாறும் இடம் இது. அதிலும் தமிழுக்கே உரிய சில சிக்கல்கள் உள்ளன. ஆங்கில வழிகாட்டிகளில் அவற்றைப் பற்றி ஒரு வரி கூட இருக்காது.

பழைய எழுத்துருச் சிக்கலை முதலில் சொல்கிறேன். ஒரு கட்டுரையின் நடுவே ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து, பொருளற்ற குவியலாக நான்கு பத்திகள் வந்து விழுந்திருக்கும். விசைப்பலகையில் கையை அடித்துவிட்டுப் போனதாகவே தோன்றும். திருப்புவதற்கு முன் ஒரு வரியை நிதானமாகப் பாருங்கள். சொற்களின் நீளம் இயல்பாக இருந்து, அரைப்புள்ளி அடிக்கடி வந்தால் அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழாக இருக்கலாம். பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளிக்கு அரைப்புள்ளி விசைதான். இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றி ஒன்றில் இட்டுப் பாருங்கள். ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர் தன் ஊர்க் கோயிலைப் பற்றி ஆண்டுக்கணக்கில் திரட்டிய செய்தி அதற்குள்ளே இருக்கக்கூடும். அவர் கணினியில் அது தமிழாகவே தெரிந்திருக்கும். நமக்கு ஏன் தெரியவில்லை என்று அவருக்குப் புரியாது.

அடுத்தது, நாட்டுக்கு நாடு மாறும் எழுத்து வழக்கு. 'டொராண்டோ' என்று இருந்ததை ஒருவர் 'ரொறன்ரோ' என்று மாற்றினால் அது எழுத்துப்பிழையும் அல்ல, கிண்டலும் அல்ல. இலங்கைத் தமிழர் எழுதும் முறை. 'ஜெர்மனி' 'ஜேர்மனி' ஆவதும் அப்படியே. கிரந்த எழுத்துகளை நீக்கிக்கொண்டே போகும் புதியவரும் தமிழுக்கு நன்மை செய்வதாக உளமார நம்புகிறவர்தான். இம்மாற்றங்களைத் திருப்ப வேண்டியிருக்கலாம், ஏனென்றால் இரு வழக்குகளுக்கும் இங்கே இடமுண்டு. ஒன்றை அழித்து மற்றொன்றை நிறுவுவது முறையல்ல. ஆனால் அதைச் சொல்லும்போது எதிரே இருப்பவர் தன் சொந்தத் தமிழைத்தான் எழுதினார் என்பது நினைவிருக்கட்டும்.

ஊர்க் கட்டுரைகளில் 'புகழ்பெற்றவர்கள்' பகுதியில் தன் பெயரையும் நண்பர்கள் பெயரையும் சேர்க்கும் மாணவர்கள், கட்டுரையின் தலையில் 'வணக்கம்' என்று எழுதிப் பார்ப்பவர்கள், ஒரு பத்தியை அழித்துவிட்டு அடுத்த நிமிடமே தாங்களே திருப்பிவைப்பவர்கள் ஆகியோர் எல்லாருமே 'நான் எழுதினால் உண்மையிலேயே மாறுமா' என்று சோதிப்பவர்கள். எழுதிப் பழகுவதற்கென்றே இருக்கும் மணல்தொட்டிப் பக்கத்துக்கு இவர்களை அனுப்புங்கள். நல்ல பங்களிப்பாளர்கள் பலருடைய முதல் தொகுப்பு இப்படித்தான் இருந்திருக்கிறது.

ஒரே நாளில் ஒரே மாதிரிப் பெயர்களில் பத்துப் பதினைந்து கணக்குகள் தோன்றினால் ஒரே ஆள் மறைந்திருந்து இயக்கும் கைப்பாவைக் கணக்குகள் என்று துள்ளிவிடாதீர்கள். எங்கேனும் பயிற்சிப் பட்டறை நடக்கிறதா என்று, பயனர்கள் கூடிப் பேசும் பொதுப் பக்கமான ஆலமரத்தடியில் பாருங்கள். தமிழ்நாட்டில் 2017 இல் பள்ளி ஆசிரியர்களுக்கு விக்கிப்பீடியாப் பயிற்சி நடந்தபோது, ஒரே முன்னொட்டோடு தொடங்கும் ஏராளமான பயனர் பெயர்கள் அண்மைய மாற்றங்களை நிறைத்தன. பின்னணி தெரியாதவருக்கு அது படையெடுப்பாகத் தெரிந்திருக்கும். உண்மையில் வந்தவர்கள் ஆசிரியர்கள்.

நீளமான, உயிரில்லாத மொழிபெயர்ப்புகளை வரிசையாக ஏற்றிவிட்டு எந்தச் செய்திக்கும் பதில் தராதவர்களும் உண்டு. 2009, 2010 ஆண்டுகளில் கூகுள் நிறுவனத்தின் மொழிபெயர்ப்புத் திட்டத்தின் வழியாக இத்தகைய கட்டுரைகள் பெருமளவில் வந்தன. எழுதியவர்கள் ஊதியம் பெற்ற மொழிபெயர்ப்பாளர்கள். சமூகத்தைக் குலைக்கும் எண்ணம் எதுவும் அவர்களுக்கு இல்லை. தமிழ் விக்கிப்பீடியர்கள் திட்டத்தை நடத்தியவர்களிடமே நேரில் பேச வேண்டியிருந்தது. இப்போதும் பதில் வரவில்லை என்பதைப் பகைமைக்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள். கைப்பேசியில் தொகுப்பவர்களில் பலருக்குப் பேச்சுப் பக்கம் என ஒன்று இருப்பதே தெரியாது.

பிறகு பங்களிப்புப் பட்டியலைத் திறங்கள்

ஒரு தொகுப்பு சொல்லாததை ஐந்து தொகுப்புகள் சேர்ந்து சொல்லும். 'பயனர் பங்களிப்புகள்' இணைப்பைச் சொடுக்கி, பழையதிலிருந்து புதியது வரை வரிசையாகப் படியுங்கள்.

புதியவரின் பட்டியலில் தடுமாற்றம் தெரியும். ஒரே கட்டுரையில் ஏழெட்டுச் சிறு தொகுப்புகள், பாதியில் உடைந்த வார்ப்புரு (பல பக்கங்களில் இடும் ஆயத்தக் கட்டம்), அதைச் சரிசெய்யும் முயற்சி, மீண்டும் உடைவு. தலைப்புகளும் ஓர் ஆளைக் காட்டும்: தன் ஊர், தன் கல்லூரி, பிடித்த பாடகர். விஷமியின் பட்டியலில் தொடர்பில்லாத கட்டுரைகளில் ஒரே வசவு, அல்லது ஒரே மனிதரைத் துரத்தும் வரிசை இருக்கும். கட்டுரைகளைவிட மற்றப் பயனர்களின் பேச்சுப் பக்கங்களில் அதிகம் எழுதியிருப்பதும் கவனிக்க வேண்டிய அறிகுறி.

வசவு எழுதுபவனால் பெரிய ஆபத்தில்லை. யார் கண்ணிலும் பட்டுவிடும். நான் அஞ்சுவது எண்களை மாற்றுபவரைத்தான். பிறந்த ஆண்டு 1931 என்பதை 1937 ஆக்குவது, ஓர் ஊராட்சியின் மக்கள்தொகையில் ஒரு இலக்கத்தை மாற்றுவது. இப்படிப்பட்ட தொகுப்பு ஆண்டுக்கணக்கில் கண்டுகொள்ளப்படாமல் கிடக்கும். பள்ளிக் குழந்தைகள் அதை எழுதிக்கொண்டு போவார்கள். சிக்கல் என்னவென்றால், தாத்தாவின் பிறந்த ஆண்டை உண்மையாகவே திருத்தும் பேரனும் இதே தொகுப்பைத்தான் செய்வார். இங்கே வேறு வழியே இல்லை, சான்றைத் திறந்து பார்க்க வேண்டும். மக்கள்தொகை என்றால் 2011 கணக்கெடுப்பு எண்ணோடு ஒப்பிடுங்கள். ஒருவர் மாற்றிய மூன்று எண்களைச் சரிபார்த்து மூன்றுமே சான்றுக்கு முரணாக, ஒவ்வொன்றும் வெவ்வேறு துறைக் கட்டுரையில் இருந்தால் நீங்கள் ஐயப்படுவதில் நியாயம் இருக்கிறது. மூன்றும் ஒரே ஊரைப் பற்றியவை என்றால் அவரிடம் வேறொரு மூலம் இருக்கலாம்.

கணக்கில்லாமல் ஐபி முகவரியிலிருந்து வந்த பழைய தொகுப்புகளைப் படிக்கும்போது கூடுதல் எச்சரிக்கை தேவை. இந்தியக் கைப்பேசி நிறுவனங்கள் ஒரே முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து தருகின்றன. நேற்று அந்த முகவரியில் வசவு எழுதியவரும் இன்று மாவட்ட எல்லையைத் திருத்தியவரும் ஒருவரையொருவர் அறியாதவர்களாக இருக்கலாம்.

விதிகளை முதல் நாளே சரளமாக மேற்கோள் காட்டுபவர் பற்றி ஒரு வார்த்தை. தடை செய்யப்பட்ட ஒருவர் வேறு பெயரில் திரும்பியிருக்கலாம் என்று நினைக்க இடமுண்டு. ஆங்கில விக்கிப்பீடியாவில் பல ஆண்டுகள் எழுதிவிட்டுத் தாய்மொழிக்கு வந்தவராகவும் இருக்கலாம். மற்ற மொழி விக்கிப்பீடியாக்களில் அவர் செய்த தொகுப்புகளையும் காட்டும் உலகளாவிய கணக்கு விவரத்தைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

பேசிப் பாருங்கள்

இதுவே இந்த வேலையின் உயிர்நாடி. ஆயத்த எச்சரிக்கை வார்ப்புருவை ஒட்டிவிட்டு நகர்வது எளிது. ஆனால் அதிலிருந்து நமக்கு எதுவும் தெரியவராது. புதியவரும் விஷமியும் அதற்கு ஒரே மாதிரித்தான் எரிச்சல் அடைவார்கள். உங்கள் கையால் மூன்று வரி எழுதுங்கள். என்ன மாற்றினார், ஏன் திருப்பினீர்கள், அடுத்து அவர் என்ன செய்யலாம் ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். இப்படி:

"வணக்கம். எங்கள் ஊர்க் கட்டுரைகளில் ஒன்றில் மக்கள்தொகையை மாற்றியிருந்தீர்கள், ஆர்வத்துக்கு நன்றி. எண்ணை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று தெரியாததால் இப்போதைக்குப் பழைய எண்ணையே வைத்திருக்கிறேன். உங்களிடம் நூலோ இணைப்போ இருந்தால் இங்கே இடுங்கள், சேர்க்க உதவுகிறேன்."

இதில் அவர் எளிதாகச் செய்யக்கூடிய ஒரு செயல் இருக்கிறது பாருங்கள். அதுவே உங்கள் உரைகல். புதியவர் கோபமாக வந்தாலும், அந்தச் செயலைப் பற்றிப் பேசுவார்: 'என் தாத்தா சொன்னார், அது சான்று ஆகாதா?' என்பார். தவறான இணைப்பைத் தருவார். 'இதெல்லாம் என்ன வேலை' என்று சலித்துக்கொண்டே சரியானதைத் தேடிவருவார். விஷமி அந்தச் செயலைத் தொடவே மாட்டார். 'உங்களுக்கு யார் அதிகாரம் கொடுத்தது' என்பார். அதற்குப் பதில் சொன்னால், இன்னொரு கட்டுரையைக் காட்டி அங்கே மட்டும் ஏன் என்பார். அதையும் விளக்கினால், உங்கள் ஊரையோ சாதியையோ இழுப்பார். கேட்டதைக் கொடுத்தால் புதியவரின் குறை தீர்ந்துவிடும். விஷமிக்குக் குறை தீர்வதே இழப்பு, ஆகவே உடனே புதியதொன்றைக் கொண்டுவருவார். ஆலமரத்தடியில் மிகுந்த பணிவோடு ஒரே கேள்வியை உருமாற்றி உருமாற்றிக் கேட்பவரையும் இந்த ஒரு சோதனையிலேயே கண்டுகொள்ளலாம். பணிவு, கடுமை ஆகியவற்றை வைத்து அளக்காதீர்கள். உண்மையான புதியவர்கள் பல நேரங்களில் கடுமையாகப் பேசுகிறார்கள், ஏனென்றால் அவர்கள் ஆசையாக எழுதியது அழிக்கப்பட்டிருக்கிறது.

எத்தனை முறை பேசிப் பார்ப்பது? முறையாக ஒருமுறை விளக்கிவிட்டு, அதன் பிறகும் அதே செயல் தொடர்ந்தால் இரண்டாம் முறை சுருக்கமாக. மூன்றாவது விளக்கத்தால் புதியவருக்குப் பயன் அரிது; விஷமிக்கோ அது விருந்து.

மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார்

புதியவர், விஷமி என்ற இரண்டு பெட்டிகளுக்குள் அடங்காதவர்கள் உண்டு. தமிழில் அவர்களே அதிகச் சிக்கலைத் தருகிறார்கள். சாதிக் கட்டுரைகளில் ஒரு மன்னர் மரபைத் தம் சாதிக்கு உரியதாக எழுதுபவர்கள், தலைவரின் பெயருக்கு முன்னால் பட்டங்களை அடுக்குபவர்கள், நடிகரின் படப் பட்டியலில் 'மாபெரும் வெற்றி' என்று சேர்த்துக்கொண்டே போகிறவர்கள். இவர்கள் நம்மைச் சீண்டி மகிழ வரவில்லை. தாங்கள் எழுதுவது உண்மை என்று முழுமையாக நம்புகிறார்கள்.

இவர்களை விஷமி என்று அழைப்பது பிழை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. அப்படி அழைத்தால், 'எங்கள் வரலாற்றை மறைக்கிறார்கள்' என்ற அவர்களின் எண்ணம் உறுதிப்படும். மறுநாள் பத்துப் பேரைக் கூட்டி வருவார்கள். சான்றுகளைப் பற்றி மட்டும் பேசுங்கள். கல்வெட்டுத் தொகுதி எது, ஆய்வாளர் யார், சாதிச் சங்கம் வெளியிட்ட மலரை மட்டும் ஏன் ஏற்க முடியாது என்று கட்டுரையின் உரையாடல் பக்கத்தில், எல்லாரும் படிக்கும்படி எழுதுங்கள். மாறி மாறித் திருப்பும் தொகுத்தல் போரில் நீங்கள் ஒரு தரப்பாகிவிடாதீர்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் 24 மணி நேரத்துக்குள் ஒரே பக்கத்தில் மூன்று முறைக்கு மேல் திருப்பினால், சரியான பக்கம் நின்றவருக்கும் தடை விழலாம். அந்த விதியின் பொருள் இங்கும் பொருந்தும். கட்டுரையைச் சில நாள்கள் பூட்டிவைக்கும்படி நிர்வாகியைக் கேட்பது மேல். இப்படி வந்தவர்களில் சிலர், சான்று காட்டும் முறையைக் கற்றுக்கொண்டு, தம் வட்டார வரலாற்றைப் பொறுப்போடு எழுதுபவர்களாக மாறக்கூடும். அந்த வாய்ப்பை நாமே அடைத்துவிடக் கூடாது.

விஷமிதான் என்று தெரிந்துவிட்டால்

பேச்சை நிறுத்துங்கள். திருப்புவதற்குத் தொகுப்புச் சுருக்கத்தில் ஒரு சொல் போதும். அவரைப் பற்றி ஆலமரத்தடியில் நீண்ட கட்டுரை எழுதாதீர்கள், அவருடைய வசவுகளைப் பட்டியலிட்டுக் காட்சிக்கு வைக்காதீர்கள், அவர் எந்த ஊர்க்காரர் என்று துப்பறியாதீர்கள். அவர் வந்ததே நம் கவனத்துக்காக. அது கிடைக்காத இடத்தில் பெரும்பாலோர் நெடுநாள் தங்குவதில்லை. உங்கள் மேல் நேரடியாக வசவோ மிரட்டலோ வந்தால் நீங்கள் பதில் சொல்லவே வேண்டாம். வேறொரு காவலர் அதைக் கையாளட்டும். குறிப்பாகப் பெண் பயனர்கள் மீது இத்தகைய தாக்குதல் நடந்தால், பாதிக்கப்பட்டவரே முறையிட வேண்டும் என்று காத்திராமல், பார்த்தவர் யாராயினும் உடனே நிர்வாகிக்குச் சொல்ல வேண்டும். இதில் தயக்கம் காட்டிய சமூகங்கள் நல்ல எழுத்தாளர்களை இழந்திருக்கின்றன.

நிர்வாகிக்கு எழுதும்போது பெயரடைகளை விட்டுவிடுங்கள். கணக்கின் பெயர், ஒரு தொகுப்பில் என்ன மாறியது என்று காட்டும் வேறுபாட்டு இணைப்புகள் மூன்று அல்லது நான்கு, நீங்கள் விளக்கிய செய்தியின் இணைப்பு, அதன் பிறகும் தொடர்ந்த தொகுப்பின் இணைப்பு ஆகியவை இருந்தால் நிர்வாகியால் இரண்டு நிமிடத்தில் முடிவெடுக்க முடியும். அந்த விளக்கச் செய்தி இல்லையென்றால், நல்ல நிர்வாகி முதலில் உங்களிடம் அதைத்தான் கேட்பார்.

தடைக்காலம் முடிந்து அதே கணக்கு திரும்பினால், அதன் முதல் சில தொகுப்புகளை எவருடையதையும் பார்ப்பது போலவே பாருங்கள். தடை விழுந்தது பள்ளிக் கணினி அறை ஒன்றின் முகவரி மீது என்றால், இப்போது அந்த விசைப்பலகையின் முன் அமர்ந்திருப்பவர் வேறொரு மாணவி.